எட்டாவது கேசட்

சண்முகசுந்தரத்தின் வீட்டில் ‘கீது’ என்று யாரும் சொல்லக் கூடாது. மண்ணூர்பேட்டையில் அந்தத் தெரு முழுக்க எப்படிப் பேசினாலும் அது அவர்கள் பாடு. அவருடைய வாசற்படிக்கு உள்ளே ‘இருக்கு’ என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயதில் மகன் அவரை நைனா என்று கூப்பிட்டபோது ஒரு மாதம் திரும்பியே பார்க்காமல் இருந்து, அப்பா என்று கூப்பிட வைத்தவர் அவர். மனைவி தாயம்மாளை மட்டும் அவரால் திருத்த முடியவில்லை.

அவருடைய தகப்பனார் பிறர் வயலில் கூலிக்குக் களை எடுத்தவர். அந்த வயல்களின் மேல்தான் அம்பத்தூர் எஸ்டேட் எழும்பியது. சண்முகசுந்தரம் ஸ்பேனரைப் பிடித்தார், ஃபிட்டர் ஆனார், கம்பி மில்லில் மெயின்டனன்ஸ் ஃபோர்மேன் ஆனார். இருபத்தெட்டு வருஷம். அந்தக் குடும்பத்துக்கு நிலம் கிடையாது, பட்டம் கிடையாது. இருந்ததெல்லாம் ஒரு கையெழுத்து. மெஷினைச் சரிபார்த்து ரிஜிஸ்டரில் அவர் கையெழுத்துப் போட்டால் மறுபடி யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். பக்கத்து கம்பெனிக்காரர்கள்கூட, சண்முகசுந்தரம் போட்டது மாதிரி போடு என்று தங்கள் ஆட்களைத் திட்டுவார்கள். அதைக் கேட்கும்போது அவருடைய முதுகு இன்னும் ஒரு அங்குலம் நிமிரும்.

அப்படிப்பட்டவருக்குக் குணசேகரன் மகனாகப் பிறந்தான். இருபத்தாறு வயது. ஆவடி பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடையில் வேலை. வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வீட்டுக்கு வந்த பிறகு அவன் செய்ததுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. பழைய ரேடியோக்களின் உதிரி பாகங்களை ஒட்டுப்போட்டு, ஒரே ஒரு சத்தம் எழுப்பும் பெட்டிகள் செய்தான். அந்தச் சத்தத்தை அரை மணி நேரம் கேசட்டில் பதிவு செய்வான். பிறகு அதை மெதுவாக ஓடவிட்டு அதன்மேல் இன்னொன்றைப் பதிவு செய்வான். தாளம் கிடையாது, பாட்டு கிடையாது. சுவருக்குள் ஏதோ மாட்டிக்கொண்டு முனகுவதுபோல் ஒரு சத்தம், நீண்டுகொண்டே போகும். இது இசைதான் என்றும், வெளிநாட்டில் இதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னான். ஜெர்மனியிலிருந்து ஒருவன் தபாலில் கேசட் அனுப்புவதும் இவன் பதிலுக்கு அனுப்புவதும் நடந்தது. பதிவு ஓடும்போது வீட்டில் யாரும் பேசக் கூடாது என்பது அவன் சட்டம். சிவப்பு விளக்கு எரிந்தால் உதட்டில் விரலை வைப்பான். தாயம்மாள் பாத்திரத்தைக் கையில் பிடித்தபடி அப்படியே நிற்பாள்.

எதிர்வீட்டு கோதண்டம் ஒருநாள் கேட்டேவிட்டார்.

“இன்னா ஃபோர்மேன், ஊட்ல மோட்டார் காயில் கட்றீங்களா? ரெண்டு நாளா உறுமிகினே கீது.”

அன்று மாலை சண்முகசுந்தரம் மகனை நிற்க வைத்துப் பேசினார். நாயனக்காரர் பக்கத்தில் ஒருவன் ஒரே சுரத்தை இழுத்து ஊதிக்கொண்டு நிற்பானே, அவனுக்கு ஒத்துக்காரன் என்று பெயர். அவன் ராகம் வாசிக்க மாட்டான், அவனை யாரும் கவனிக்கவும் மாட்டார்கள்.

“நம்ம குடும்பத்தில் யாரும் யாருக்கும் ஒத்து ஊதியது இல்லை. நீ மெஷினுக்கு ஊதுகிறாய்.”

குணசேகரன் கோபப்படவில்லை. “ஒத்து நின்னுட்டா நாயனமும் நின்னுடும்பா” என்று மட்டும் சொன்னான்.

ஆவணி மாதத் தொடக்கத்தில் மில்லில் ஒரு காரியம் நடந்தது. கம்பியைக் காய்ச்சும் உலைக்குக் காற்று ஊதும் ராட்சத விசிறிக்குப் புளோயர் என்று பெயர். மூன்றாம் நம்பர் புளோயரின் பேரிங் தேய்ந்திருந்தது. கழற்றி, கழுவி, உள்வளையத்தில் விரலை ஓட்டினார். ஓரிடத்தில் நகம் சிக்கியது. அது போதும், அந்தப் பேரிங்கின் காலம் முடிந்துவிட்டது. ஆனால் புதியது வந்து சேரவில்லை, உலையை நிறுத்த முடியாத அளவுக்கு வேலை இருந்தது. மேனேஜர் திருவேங்கடம் அவரைத் தனியாக அழைத்துப் போய்த் தோளில் கை வைத்தார். பழையதையே கிரீஸ் வைத்துப் போட்டுவிடுங்கள், புதுசு மாற்றியதாக எழுதிவிடுங்கள், ஆயுதபூஜை லீவில் மாற்றிக்கொள்ளலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார்.

“நீங்க எழுதினா எவன் சார் தொறந்து பாக்கப் போறான்?”

இருபத்தெட்டு வருஷத்தில் முதல் முறையாகச் சண்முகசுந்தரம் பொய்க்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா மக்கர் செய்யவில்லை. அன்றிலிருந்து அவர் மூன்றாம் நம்பர் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டார். நீண்ட இரும்புக் கம்பியின் ஒரு முனையைப் பேரிங் மேலும் மறுமுனையைக் காதிலும் வைத்துக் கேட்பது ஃபிட்டர் வழக்கம். மற்ற மெஷின்களுக்கு வாரம் ஒருமுறை வைத்தார். இதற்கு மட்டும், மனஸ்தாபம் உள்ள சொந்தக்காரர் வீட்டைத் தாண்டிப் போவதுபோல் வேறு பக்கம் பார்த்தபடி போனார். கம்பியை இழுக்கும் உருளைகள் ஓடும் இரைச்சலில் தானாக எதுவும் காதில் விழவும் இல்லை.

அந்தப் புளோயரை ஓட்டுவது கன்னியப்பன். தாயம்மாளின் தம்பி. உலையடியில் பதினைந்து வருஷம் நின்று புருவமே கருகிப்போனவன், அதையும் வேடிக்கையாகச் சொல்லித் திரிபவன். ஸ்விட்ச் பெட்டி புளோயருக்கு இரண்டு முழம் தள்ளி இருக்கும். ஷிப்டில் பாதி நேரம் அங்கேதான் நிற்பான்.

புரட்டாசியில், ஆயுதபூஜைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, குணசேகரன் ஒரு அச்சடித்த தாளைக் கொண்டுவந்து தகப்பனார் முன் வைத்தான். நுங்கம்பாக்கத்தில் ஒரு சின்ன அரங்கில் செவ்வாய்க்கிழமை மாலை அவனுடைய கேசட்டுகளைப் போட்டுக் கேட்கப் போகிறார்கள். தாளில் அவன் பெயர் இருந்தது. பெயருக்கு முன்னால் இனிஷியலாக இருந்த தன் முதல் எழுத்தையும் சண்முகசுந்தரம் கவனித்தார். அதற்குக் கீழே இருந்ததைப் படித்தபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். ‘மூன்றாம் நம்பர் புளோயர்: எட்டு சனிக்கிழமைகள்’ என்று இருந்தது.

“இது எங்கே எடுத்தது?” என்று கேட்டார். பதில் தெரிந்தே கேட்டார்.

மாமாதான் எடுத்துக் கொடுத்தார் என்று குணசேகரன் தயங்கித் தயங்கிச் சொன்னான். அழைப்பு மணிக்குள் இருக்கும் சின்னப் பித்தளைத் தகடு ஒன்றை ஒயரோடும் ஒரு சின்ன டேப் ரெக்கார்டரோடும் இவன் கொடுத்து அனுப்புவான். கன்னியப்பன் சனிக்கிழமைதோறும் அதைப் புளோயரின் உடம்பில் ஒட்டிவைத்து அரை மணி பதிவு செய்து கொண்டுவருவான். மெஷினுக்கு மட்டுமே கேட்கும் சத்தம் அது, இரைச்சலில் நிற்பவர்களுக்குக் கேட்காது. அப்பா திட்டுவார் என்றுதான் சொல்லவில்லை.

“கொஞ்சம் கேக்குறீங்களாப்பா?”

முதல் கேசட் சீராக இருந்தது. இரண்டாவதும் அப்படித்தான். வாரத்துக்கு மூன்று நிமிஷம் என்று போட்டுக் காட்டினான். நான்காவதில், அந்த நீண்ட சத்தத்துக்கு அடியில் எறும்பு ஊர்வதுபோல் ஒன்று தொடங்கியது. சண்முகசுந்தரத்தின் வலது கை தானாக மூடியது, கம்பியைப் பிடிப்பதுபோல். ஐந்து, ஆறு. எறும்பு நண்டானது. ஏழில் சத்தம் ஏறி இறங்கத் தொடங்கியது, தூங்குகிறவனின் மூச்சு மாதிரி. எட்டாவது கேசட், முந்தின நாள் எடுத்தது. வூம், வூம், வூம் என்று ஒவ்வொரு ஏற்றத்தின் உச்சியிலும் இரும்பு இரும்பைக் கடித்தது.

“இதுதாம்பா எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம்” என்றான் மகன். முகம் மலர்ந்திருந்தது. “நான் ஒண்ணுமே பண்ணலை. தானா வந்தது. மத்த ஏழையும் மெதுவாக்கி ஒண்ணுமேல ஒண்ணா கலந்துட்டேன். அதில் எது எதுன்னு யாருக்கும் தெரியாது. எட்டாவதை மட்டும் தொடாம அப்படியே அரை மணி நேரம் போடப் போறேன். கடைசிப் பத்து நிமிஷம் இன்னும் பயங்கரமா இருக்கும்.”

யார் யார் வருவார்கள் என்று சண்முகசுந்தரம் கேட்டார். பத்துப் பதினைந்து பேர் என்றான். மெஷின் அவர்களுடையதாயிற்றே என்று மரியாதைக்காகச் சின்ன முதலாளிக்கும் மாமா மூலம் தாள் கொடுத்து அனுப்பியிருக்கிறானாம். வருவதாகச் சொன்னாராம்.

சின்ன முதலாளி அமெரிக்காவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு வந்தவர். அரை நிமிஷம் கேட்டால் போதும், மறுநாள் புளோயரைத் திறந்துவிடுவார். உள்ளே பழைய பேரிங் இருக்கும். ரிஜிஸ்டரில் புதுசு என்றும், கீழே சண்முகசுந்தரம் என்றும் இருக்கும்.

புதுப் பேரிங் போன வாரமே ஸ்டோருக்கு வந்துவிட்டது. நாளை ஆயுதபூஜை, மெஷின்கள் நிற்கும். மாற்றிவிட்டால் தீர்ந்தது. அவர் அப்படித்தான் கணக்குப் போட்டிருந்தார். திங்கட்கிழமை விடிந்து மில்லுக்குள் நுழைந்த பிறகுதான் அந்தக் கணக்கில் இருந்த ஓட்டை அவருக்குத் தெரிந்தது.

ஆயுதபூஜை அன்று ஆயுதத்தைத் தொடக் கூடாது. கன்னியப்பனும் மற்றவர்களும் ஏழு மணிக்கே எல்லா ஸ்பேனரையும் கழுவிச் சந்தனப் பொட்டு வைத்துப் பெரிய மேஜை மேல் வரிசையாக அடுக்கியிருந்தார்கள். அந்த வழக்கத்தை மில்லில் காவல் காத்தவரே சண்முகசுந்தரம்தான். நான்கு வருஷத்துக்கு முன், பூஜை நாளில் சைக்கிள் நட்டை முடுக்கியதற்காக ஒரு ஃபிட்டரை வேலையை விட்டே அனுப்பியவர். திருவேங்கடத்தோடு பேசி ஒத்துக்கொண்ட அன்று, லீவு என்பது மட்டும்தான் இரண்டு பேர் நினைவிலும் இருந்தது. என்ன லீவு என்பது இல்லை.

மேஜை முன் நின்றார். இருபத்துநாலு நம்பர் ஸ்பேனர் அவருக்கு நேராக இருந்தது. கையை நீட்டினால் எடுத்துவிடலாம். அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கற்பூரத்தை அவர்தான் காட்டுவார் என்று. அவர் கற்பூரத்தைக் காட்டினார்.

பொரியை மென்றபடி கன்னியப்பன் பக்கத்தில் வந்தான்.

“மூணாம் நம்பரு ஒரு வாரமா பாடிகினு கீது மாமா. உம் புள்ள கச்சேரிக்கு அதுவும் ரெடியாவுது போல.”

“நாளைக்கு எத்தனை மணிக்குப் போடுகிறாய்?”

“ஒம்போதுலேர்ந்து பத்தரை வரிக்கும் எமகண்டம். அதுக்கப்புறம்தான். ஏன்?”

“நான் வந்த பிறகு போடு.”

“நீ வராம எப்ப மாமா போட்டுக்கீறேன்?” என்று சிரித்தான். கருகிய புருவத்தின்மேல் யாரோ குங்குமம் அப்பியிருந்தார்கள். சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றியது. சொன்னால் ஏன் என்பான், ஏன் என்பதற்குப் பதில் ரிஜிஸ்டரில் இருந்தது. பொட்டலத்தில் மீதி இருந்த குங்குமத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

அன்று முழுக்கத் தெருவில் மில் சத்தம் இல்லை. மற்ற நாட்களில் வெறும் தரையில் பாதத்தை வைத்தாலே மில் ஓடுவது தெரியும், அவ்வளவு பழகிய அதிர்வு. காது அடைச்ச மாதிரி இருக்கிறது என்று தாயம்மாள் இரண்டு முறை சொன்னாள்.

செவ்வாய்க்கிழமைக்கு அவர் வேறு திட்டம் வைத்திருந்தார். பத்து மணிக்கு மில்லில் இருப்பார். பெல்ட் தளர்ந்திருக்கிறது என்று ஏதாவது சொல்லிப் புளோயரைத் திறப்பார், தனியாக நின்று பேரிங்கை மாற்றுவார். அதற்கு முன் எட்டாவது கேசட்டை அழிக்க வேண்டும். மகன் பத்து மணிக்கு நுங்கம்பாக்கம் கிளம்புகிறான். அவனிடம் போடாதே என்று சொல்லலாம், ஆனால் காரணம் கேட்பான். ஒத்து ஊதாத குடும்பம் என்று யாரை நிற்க வைத்துச் சொன்னாரோ, அவனிடமே திருவேங்கடத்தின் கை தன் தோளில் இருந்த கதையைச் சொல்வதா?

எட்டேகால் மணிக்குக் குணசேகரன் சட்டையை இஸ்திரி போடக் கொண்டுபோனான். கேசட்டுகள் தேதி எழுதி அலமாரியில் வரிசையாக நின்றன. சண்முகசுந்தரம் எட்டாவதை எடுத்து டேப் ரெக்கார்டரில் போட்டு முதலுக்குச் சுற்றினார். பதிவுப் பொத்தானை அழுத்தினார். அது இறங்கவில்லை.

வெளியே எடுத்துத் திருப்பிப் பார்த்தார். மேல்விளிம்பில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் துண்டு உடைக்கப்பட்டு, பள்ளமாக இருந்தது. பெட்டிக்குள் எட்டிப் பார்த்தபோது அந்த இடத்துக்கு நேராக ஒரு நெம்புகோல். பள்ளம் இருந்தால் பொத்தானைப் பூட்டும், நிரம்பியிருந்தால் விடும். இதை ஃபிட்டருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சட்டைப் பையில் இருந்த குங்குமப் பொட்டலத்தின் தாளைக் கிழித்து, நாலாக மடித்து, பள்ளத்தில் திணித்தார். பொத்தான் இறங்கியது. சிவப்பு விளக்கு எரிந்தது. மணி எட்டரை.

அழிப்பது என்றால் ஒரு நொடியில் முடியும் என்று நினைத்திருந்தார். அப்படி இல்லை. நாடா ஓடினால்தான் அழியும். எவ்வளவு நேரம் பதிந்ததோ அவ்வளவு நேரம் ஓட வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தார், முதுகைச் சாய்க்காமல். கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு சக்கரங்கள் மெல்லச் சுற்றின. மூன்றாம் நம்பர் இருந்த இடத்தில் அவர் வீட்டுச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தது. தாயம்மாள் பின்கட்டில் தேய்க்கும் பாத்திரம், கோதண்டம் வீட்டுக் குழாய், அவருடைய மூச்சு. காலி வீட்டுச் சத்தத்தில் என்ன குற்றம் இருக்கப் போகிறது?

ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவருடைய உள்ளங்கால் கூசியது.

தரையில் அதிர்வு. மற்ற மெஷின்கள் எதுவும் இல்லை, உருளைகள் இல்லை. உலையை மூட்டுவதற்காக முதலில் போடும் புளோயர் மட்டும் தனியாக. முதலாளி வந்து நின்றிருக்க வேண்டும். பத்தரை வரை காக்க வேண்டாம், எமகண்டம் பிறப்பதற்கு முன்பே போட்டுவிடு என்றிருக்க வேண்டும். முதலாளி வாயால் சொன்னால் கன்னியப்பன் என்ன செய்வான்?

சண்முகசுந்தரம் எழுந்தார். செருப்பை மாட்டினார். சைக்கிளில் போனால் எட்டு நிமிஷம். தெருமுனை எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மில்லுக்குப் போன் போட்டால் ஒரே நிமிஷம். நிறுத்து என்ற ஒரு வார்த்தை போதும். ஏன் என்று பிறகு கேட்கட்டும். முதலில் ஸ்விட்சை அணை, பிறகு பேசு என்று எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்.

திரும்பிப் பார்த்தார். இடது சக்கரத்தில் இன்னும் பத்து நிமிஷ நாடா இருந்தது. கடைசிப் பத்து நிமிஷம். மகன் பயங்கரமாக இருக்கும் என்று சொன்ன இடம்.

சுவரில் கை ஊன்றி நின்றார். வூம், வூம். எட்டாவது கேசட்டில் கேட்டதைவிட வேகமாக வந்தது. நேற்று முழுக்கக் குளிர்ந்து கிடந்த கிரீஸ் இறுகியிருக்கும்.

தாயம்மாள் கையைத் துடைத்தபடி வந்தாள். “இன்னாங்க, மில்லு ஓட்றாங்களே? பத்தரைக்குன்னு சொன்னீங்க. நீங்க போவலியா?”

“போறேன். இன்னும் கொஞ்சம் கீது.”

அவள் சேலைத் தலைப்பை அப்படியே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து அவள் கேட்காத சொல் அது.

அதிர்வு ஏறியது. ஏறி இறங்குவது நின்று ஏறிக்கொண்டே போனது. எறும்பு, நண்டு எல்லாம் போய், பல்லைக் கடித்தபடி யாரோ அலறுவதுபோல் ஆனது. அலமாரியில் மீதி ஏழு கேசட்டுகள் ஒன்றோடொன்று உரசிச் சிலிர்த்தன. பிறகு ஒரே ஒரு அடி. கொல்லையில் கவிழ்த்து வைத்திருந்த பாத்திரம் உருண்டது.

அதற்குப் பிறகு சத்தமே இல்லை. நேற்று முழுக்க இருந்த அதே அமைதி தரையில் வந்து படுத்தது.

சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன.

மில் சங்கு ஊதத் தொடங்கியது. ஷிப்டுக்கு ஊதும்போது மூன்று முறை விட்டுவிட்டு ஊதும். இது விடவில்லை. ஒரே சுரத்தில் நீண்டுகொண்டே போனது.

இஸ்திரி போட்ட சட்டையைக் கையில் பிடித்தபடி குணசேகரன் வாசலில் வந்து நின்றான். சிவப்பு விளக்கைப் பார்த்தான். அதன் எதிரில் நிமிர்ந்து நிற்கும் தகப்பனாரைப் பார்த்தான். சங்குச் சத்தம் வரும் திசையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது. அப்பா பதிவு செய்கிறார். தன்னிடம் சொல்லாமல், தனக்காக.

“எந்தம்பி…” என்று தாயம்மாள் வாயைத் திறந்தாள்.

குணசேகரன் அவளைப் பார்த்துத் தலையை அசைத்து, உதட்டின் மேல் விரலை வைத்தான். அவள் பழக்கத்தில் நின்றுவிட்டாள்.

சண்முகசுந்தரத்தின் கண் சக்கரங்களை விட்டு நகரவில்லை. தெருக்கோடியில் சைக்கிள் மணி விடாமல் அடித்தது, யாரோ ஃபோர்மேன், ஃபோர்மேன் என்று கத்திக்கொண்டு நெருங்கி வந்தார்கள். மகன் இன்னும் விரலை எடுக்கவில்லை. நாடாவில் இன்னும் மூன்று நிமிஷம் இருந்தது.